முப்பது வயதுக்கு மேல் இலவச வாய்ப் பரிசோதனை: கேட்டு வாங்குங்கள்

30 வயது ஆன எவரும், ஆணோ பெண்ணோ, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையை அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகச் செய்துகொள்ளலாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, வாய்ப் புற்று, மார்பகப் புற்று, கருப்பைவாய்ப் புற்று ஆகிய ஐந்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று மத்திய அரசு 2016-ல் வழிகாட்டுதல் கொடுத்தது.

ஆனால் பலர் பிரஷரும் சுகரும் பார்த்துவிட்டு, மாத்திரையை வாங்கிக்கொண்டு வீடு திரும்பிவிடுகிறார்கள். வாயைத் திறக்கச் சொல்லவில்லையா? "வாயையும் பாருங்க சிஸ்டர்" என்று நீங்களே கேளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, அது உங்களுக்கு உரியது. ஊசி கிடையாது. கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் ஓரமும் அடியும், ஈறு, அண்ணம் ஆகியவற்றை வெளிச்சத்தில் பார்ப்பார்கள். தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வாயை முழுதாகத் திறக்க முடியாமை, இவற்றில் ஏதாவது இருந்தால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். தேவைப்பட்டால் அங்கே சிறிது சதை எடுத்துப் பயாப்சி செய்வார்கள்.

"வலியே இல்லையே, எதற்குப் போகணும்?" என்று கேட்பவர்கள் நிறைய. வலி வருவதற்கு முன்பே செல்லுக்குள் காரியம் நடந்துவிடுகிறது என்பதுதான் பதில்.

புகையிலையும் பாக்கும், மரபணுக்கள் அடங்கிய டிஎன்ஏவைக் கெடுக்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். டிஎன்ஏவின் வரிசை மாறாமலேயே ஒரு மரபணு முடங்கிப்போகவும் முடியும். மெத்தில் என்ற சிறு வேதிக்கூறு மரபணுவின் தொடக்கப் பகுதியில் ஒட்டிக்கொண்டால், மரபணு அப்படியே இருக்கும், வேலை மட்டும் நடக்காது. செல் தாறுமாறாகப் பெருகாமல் தடுக்கும் பி16 மரபணு வாய்ப் புற்றில் இப்படி முடங்குவதுண்டு.

புற்று உடலில் பரவுவதற்கும் இதேபோல ஒரு வழி இருக்கிறது. ஈ-கேட்ஹெரின் என்ற புரதம் அக்கம்பக்கத்துச் செல்களைப் பசைபோலப் பிடித்து வைத்திருக்கிறது. ஸ்நெயில், ட்விஸ்ட், ஜெப்1 போன்ற புரதங்கள் மிகும்போது ஈ-கேட்ஹெரின் மரபணுவை அடக்கிவிடுகின்றன. ஜெப்1-ஐக் கட்டுக்குள் வைப்பது மைக்ரோ ஆர்என்ஏ-200 குடும்பம், அதாவது மரபணுக்களின் வேலையை அடக்கிவைக்கும் குட்டி மூலக்கூறுகள். அது குறைந்தால் ஜெப்1 ஓங்கிவிடும். பிடி தளர்ந்த செல்கள், அடியிலுள்ள மெல்லிய சவ்வை அரிக்கும் நொதிகளின் உதவியோடு நிணநீர்க் குழாய்க்குள் நுழைகின்றன. பெரும்பாலும் முதலில் போய்ச் சேருவது கழுத்துக்கு. அங்கே நெறி கட்டுவது அதனால்தான். கட்டியின் செல்களைத் தனித்தனியாக ஆராய்ந்து 2017-ல் வெளியான ஓர் ஆய்வு, இப்படிப் பிடி தளர்ந்து பாதி உருமாறிய செல்கள் கட்டியின் விளிம்பில் இருப்பதையும், கழுத்துக்குப் பரவுவதோடு அவற்றுக்குத் தொடர்பு இருப்பதையும் காட்டியது.

இந்த மரபணு மாற்றங்களைக் கண்டறியும் சோதனை எதுவும் அரசின் இலவசப் பரிசோதனையில் இல்லை. முதல் கட்டத்தில் தேவையும் இல்லை. பயிற்சி பெற்ற கண் போதும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் தொடங்கிய பெரிய ஆய்வில், சுகாதாரப் பணியாளர்கள் வாயைப் பார்த்ததாலேயே, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப் புற்று இறப்பு 34 சதவீதம் குறைந்தது.

சரி, நோய் உறுதியானால் செலவு? தமிழ்நாட்டில் குடும்ப ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை கிடைக்கும். புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, கீமோ ஆகியவை இதில் அடங்கும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவு செய்வார்கள். நோய் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே பதிந்து வையுங்கள். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற எண்ணில் கட்டணமில்லாமல் கேட்கலாம்.

புகையிலையை விட நினைப்பவர்களுக்குத் தனியாக 1800 112 356 என்ற எண் இருக்கிறது, அதற்கும் கட்டணம் இல்லை. அப்புறம், புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. பாக்கு மட்டும் போடுகிறவர்களும் வாயைக் காட்ட வேண்டும்.