தோல் பெட்டி போருக்குப் போனதா, அலுவலகத்துக்குப் போனதா?

பழைய தோல் பொருள்களைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் என் வேலையில், கைப்பெட்டிகள் பெரும்பாலும் ஒரு கதையோடுதான் வந்து சேர்கின்றன. தாத்தா இராணுவத்தில் இருந்தபோது வைத்திருந்தது என்பார்கள். அல்லது, விற்றவர் அப்படித்தான் சொன்னார் என்பார்கள். கதையை முதலில் கேட்டுவிட்டால் கண் அதற்குத் தோதான அடையாளங்களையே தேடத் தொடங்கிவிடுகிறது என்பதைச் சில தவறுகளுக்குப் பிறகு உணர்ந்தேன். ஆகையால் இப்போது உரிமையாளரைச் சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டுப் பெட்டியை முதலில் திறந்து பார்க்கிறேன்.

தோலின் கனமும், பழுப்பு நிறமும், முரட்டுத் தையலும், பித்தளைப் பூட்டும் இராணுவத்துக்கான சான்றுகள் அல்ல. இராணுவத்துக்குப் பை தைத்துக் கொடுத்த பட்டறைகள் பலவும் அதே தோலில், அதே ஊசியால் வழக்கறிஞருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் பை தைத்தன. வேறுபாடு பொருளில் இல்லை, அது வாங்கப்பட்ட முறையில் இருக்கிறது. இராணுவம் வாங்கும் பொருள் ஒப்பந்தத்தின் பேரில் செய்யப்பட்டு, பரிசோதகரால் ஏற்கப்பட்டு, கிடங்கில் எண்ணி வைக்கப்படுவது. இந்த ஒவ்வொரு படியும் தயாரிப்பாளர் பெயர், ஆண்டு, ஏற்பு முத்திரை, கிடங்கு எண் என ஏதாவது ஒரு தடத்தை விட்டுச் செல்ல வாய்ப்புண்டு. எனவே, பெட்டி எப்படித் தோன்றுகிறது என்பதை விட, இதை யார் கணக்கில் வைத்திருந்தார்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அந்தத் தடங்கள் முன்பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. மூடியின் உட்புறம், பின்பலகை, வார்களின் அடிப்பக்கம், உள்ளறைகளின் வாய் ஆகிய இடங்களைப் பார்க்க வேண்டும். அறையை இருட்டாக்கி, கைவிளக்கைத் தோலின் பரப்போடு ஒட்டியபடி சாய்த்துப் பிடித்தால், நேர் வெளிச்சத்தில் கண்ணுக்கே படாத முத்திரைகள் நிழலாக எழுந்து வரும். எண்ணெயோ மெழுகோ பூசுவதற்கு முன்பே இதைச் செய்து, புகைப்படமும் எடுத்துவிட வேண்டும். மெருகூட்டுகிறேன் என்று தொடங்கி, ஆழமற்ற முத்திரைகளை அடைத்து மூடிவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதிகம் தவறாகப் படிக்கப்படும் முத்திரை பிரிட்டனின் அகன்ற அம்பு. பறவையின் காலடித் தடம் போன்ற மூன்று கோடுகள் அவை. கனடாவில் அந்த அம்பு ஆங்கில எழுத்தான 'சி'யின் உள்ளே அமைந்திருக்கும். ஆஸ்திரேலியாவில் இரண்டு 'டி' எழுத்துகளுக்கு நடுவே நிற்கும். தென்னாப்பிரிக்காவில் 'யு' எழுத்துக்குள் இருக்கும். இரண்டாம் உலகப் போர்க்கால இந்தியத் தயாரிப்புகளில் அம்போடு 'ஐ' எழுத்து சேர்ந்து வருவதைக் காணலாம். ஆனால் அம்பு சொல்வது அரசுடைமை என்பதை மட்டுமே. பிரிட்டிஷ் சிறைக் கைதிகளின் உடையிலும் இதே அம்புதான் அச்சிடப்பட்டது என்பதை நினைவில் வைத்தால், அம்பைக் கண்டவுடன் பெட்டியைப் போர்முனைக்கு அனுப்பிவிடும் ஆசை சற்று அடங்கும். இரண்டு அம்புகள் முனையோடு முனை மோதி நின்றால், அந்தப் பொருள் பணியிலிருந்து நீக்கப்பட்டு விற்கப்பட்டது என்று பொருள். அதன் பிறகு அது எந்தக் குமாஸ்தாவின் கையிலும் பல ஆண்டுகள் இருந்திருக்கலாம்.

கிரீடமும் அரசரின் பெயரெழுத்தும் பொன்னிறத்தில் பதிந்த கருப்புக் கைப்பெட்டிகளை இராணுவ அதிகாரியின் பெட்டி என்று விற்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அவற்றில் பல, பிரிட்டிஷ் அரசு அலுவலர்களுக்கு வழங்கப்பட்டவை, கோப்புகளைச் சுமந்தவை. இருந்தாலும் அந்தக் கிரீடம் காலத்தைச் சொல்ல உதவும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அரசர்கள் ஆண்ட காலத்தில் பயன்பட்ட டியூடர் கிரீடத்தின் வளைவுகள் மேல்நோக்கி உருண்டிருக்கும். இரண்டாம் எலிசபெத் 1952-இல் அரியணை ஏறிய பிறகு வழக்குக்கு வந்த கிரீடத்தில் வளைவுகள் நடுவில் தாழ்ந்திருக்கும். தேய்ந்துபோன முத்திரையிலும் இந்த ஒரு வேறுபாடு பெரும்பாலும் தப்பிப் பிழைத்துவிடுகிறது.

ஜெர்மானியத் தோல் பொருள்களில் தயாரிப்பாளர் பெயர், ஊர், ஆண்டு மூன்றும் இருக்கலாம். இரண்டாம் உலகப் போரின் பிற்பகுதியில் பெயருக்குப் பதிலாகச் சாய்கோடுகளால் பிரிக்கப்பட்ட தொழிற்சாலைப் பதிவெண் வந்தது. கழுகோடு கூடிய ஏற்பு முத்திரையும் உண்டு. போலிகள் மலிந்திருக்கும் இடமும் இதுவே. புதிதாகத் தைக்கும்போது ஈரப்பதமான தோலில் அழுத்திய முத்திரையின் பள்ளம் மிருதுவாகவும் இருண்டும் இருக்கும். தோலின் தேய்மானமும் கீறல்களும் முத்திரையின் ஊடாகவே ஓடும். உலர்ந்த பழைய தோலில் பின்னாளில் அடித்த முத்திரையிலோ, விளிம்பில் இழைகள் உடைந்து வெளிறிய நிறம் தெரியும். பழைய கீறல் அதனுள் நுழைந்ததும் நசுங்கிவிடும். உருப்பெருக்கியில் ஐந்து நிமிடம் செலவிட்டால் பெரும்பாலானவை பிடிபட்டுவிடும்.

நேட்டோ கிடங்கு எண் இருந்தால் வேலை எளிது. அது 13 இலக்கம் கொண்டது. முதல் நான்கு இலக்கங்கள் பொருளின் வகையையும், அடுத்த இரண்டு நாட்டையும் குறிக்கும். 8460 என்றால் பயணப்பெட்டி வகை. 99 பிரிட்டன், 12 ஜெர்மனி, 72 இந்தியா. அமெரிக்காவில் 1974-க்கு முன் 11 இலக்க எண் இருந்தது. ஆயினும் அமெரிக்காவில் குடிமை அரசுத் துறைகளும் இதே எண்முறையில் பொருள் வாங்கின என்பதால், இங்கும் ஒரு படி நிதானம் தேவை.

எந்த முத்திரையும் இல்லாத பெட்டிகள்தான் என்னை அதிகம் யோசிக்க வைப்பவை. பிரிட்டிஷ் அதிகாரிகள் தங்கள் உடைமைகளில் பலவற்றைத் தாங்களே கடையில் வாங்கிக்கொண்டார்கள். அப்படி வாங்கிய பெட்டி தயாரிப்பில் குடிமைப் பொருள், பயன்பாட்டில் இராணுவப் பொருள். மூடியில் பெயரும் பதவியும் படைப்பிரிவும் எழுதியிருந்தால், அதிகாரிகளின் நியமனங்களை வெளியிட்ட லண்டன் கெஜட்டில் அந்தப் பெயரைத் தேடலாம். வெறும் முதலெழுத்துகள் மட்டும் இருந்தால் ஒன்றும் சொல்வதற்கில்லை. தோளில் மாட்டும் வளையங்களும் வாரும் இருப்பதாலேயே இராணுவம் என்று முடிவு செய்வதும் தவறு. தபால்காரர், டிராம் நடத்துநர், காவலர் ஆகியோரும் சீருடை அணிந்து தோள்பை சுமந்தவர்களே. பென்சில் செருகும் குழல்களும், ஒளி ஊடுருவும் தகடு பதித்த வரைபட அறையும் சேர்ந்து இருந்தால்தான் ஐயம் இராணுவத்தின் பக்கம் சாயலாம். அப்போதும் நில அளவையாளர் ஒருவர் குறுக்கே வந்து நிற்பார்.

காலத்தைக் கணிக்க உலோகமும் நூலும் உதவும். குறுக்குப் பள்ளமுள்ள பிலிப்ஸ் திருகு 1930-களின் நடுப்பகுதியில் வந்தது. வெல்க்ரோவின் காப்புரிமை 1955-ஐச் சேர்ந்தது. புற ஊதா விளக்கில் நீல வெண்மையாக ஒளிரும் நூல் பெரும்பாலும் போருக்குப் பிந்தையது, ஆனால் பளிச்சிடும் சலவைத்தூள் பட்ட பழைய நூலும் அப்படி ஒளிரும். பூட்டு பிற்காலத்தது என்பதாலேயே பெட்டியும் பிற்காலத்தது ஆகிவிடாது; பூட்டைச் சுற்றிப் பயன்படாத பழைய துளைகள் இருந்தால் அது மாற்றப்பட்ட பூட்டு.

ஆய்வு செய்யும் ஆர்வத்தில் உடல்நலத்தையும் பெட்டியையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம். தோல் செந்தூளாக உதிர்ந்தால் ஈரத்துணி கூடாது. தண்ணீர் பட்ட இடம் கருத்து இறுகிவிடும், அது மீளாது. வரைபட அறையின் தகட்டில் கற்பூர வாடை அடித்தால் அது எளிதில் தீப்பற்றும் செல்லுலாய்டாக இருக்கக்கூடும். விளக்கின் சூட்டிலிருந்து விலக்கி வையுங்கள். உள்ளே பழைய திசைகாட்டியோ கைக்கடிகாரமோ கிடந்தால் திறக்காதீர்கள். இருளில் ஒளிரும் பழைய பூச்சில் ரேடியம் இருக்கலாம். ஒளிர்வது நின்றுபோனாலும் ரேடியம் போய்விடுவதில்லை, அதன் அரை ஆயுள் சுமார் 1600 ஆண்டுகள்.

சில மாதங்களுக்கு முன் ஒருவர் தம் தாத்தாவின் போர்க்காலப் பெட்டியைக் கொண்டுவந்தார். முத்திரை, எண், பெயர் எதுவும் இல்லை. மெழுகிட்ட நூல், கைத்தையல், ஒரு பூட்டு மாற்றப்பட்டது. அறிக்கையில், காலம் பொருந்துகிறது, தனிப்பட்ட கொள்முதலாக இருக்கலாம், இராணுவப் பயன்பாட்டுக்குப் பெட்டியில் சான்று இல்லை என்று எழுதினேன். கடைசி வரியை எடுத்துவிட முடியுமா என்று தயங்கிக் கேட்டார். முடியாது என்றேன், ஆனால் அவர் தாத்தாவைப் பற்றிச் சொன்னதையெல்லாம் 'குடும்பத்தார் கூற்று' என்ற தலைப்பில் தனித்தாளில் எழுதி, தேதியிட்டு, அவரிடமே கையெழுத்து வாங்கி, உள்ளறையில் வைத்துக் கொடுத்தேன்.