பிள்ளைக்குப் பதினெட்டு ஆவதற்குள்: அகதி அந்தஸ்து பெற்ற மகனிடம், மகளிடம் போய்ச்சேர நினைக்கும் பெற்றோருக்கு

"பொடியனுக்கு அங்க அகதி அந்தஸ்து கிடைச்சிட்டுது தம்பி. இனி என்னையும் சின்னவளையும் கூப்பிடுவான்தானே? அவசரமில்லை, படிச்சு ஒரு வேலைக்குப் போகட்டும். பிறகு பார்ப்பம்."

கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் அகதி முகாமிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா என் அலுவலகத்தில் உட்கார்ந்து இப்படிச் சொன்னார். ஜெர்மனியில் இருக்கும் அவர் மகனுக்கு அப்போது பதினேழு வயது எட்டு மாதம். அந்தஸ்து கிடைத்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. அவர் நிதானமாகப் பேசப் பேச எனக்குப் பதற்றம்தான் கூடியது. வேலைக்குப் போகட்டும் என்று காத்திருந்தால், கூப்பிடும் உரிமையே கையை விட்டுப் போயிருக்கும்.

பொன்னேரி நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். கும்மிடிப்பூண்டியையும் ஆரம்பாக்கத்தையும் தாண்டினால் ஆந்திரா. பாகப்பிரிவினை, பட்டா, வாரிசுச் சான்று என்று போகும் என் வேலைக்கு நடுவே, முகாம் மக்களின் இந்த மாதிரிக் கோப்புகளும் சில வருடங்களாக வருகின்றன. பெரும்பாலும் காலம் கடந்துதான் வருகின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம். ஐரோப்பிய ஒன்றியம் 2003-ல் கொண்டுவந்த குடும்ப ஒன்றிணைவு உத்தரவின் பத்தாவது பிரிவு, பெரியவர் துணையில்லாமல் வந்து அகதியாக ஏற்கப்பட்ட சிறுவரின் தாய் தந்தையை நாடுகள் அனுமதித்தே ஆக வேண்டும் என்கிறது. பிள்ளைக்கு வருமானம் உண்டா, வீடு உண்டா, காப்பீடு உண்டா என்று கேட்டு மறுக்கக் கூடாது. ஆக, பையன் வேலைக்குப் போக வேண்டிய தேவையே இல்லை. அவன் சிறுவன் என்பதுதான் இங்கே உரிமைக்கு அடிப்படை.

அப்படியானால் எந்தத் தேதியில் அவன் சிறுவனாக இருக்க வேண்டும்? இதைப் பற்றி ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் மூன்று முறை தீர்ப்பு சொல்லியிருக்கிறது. 2018 ஏப்ரல் 12-ல், நெதர்லாந்துக்கு வந்த எரித்ரியப் பெண் ஒருவரின் வழக்கில், புகலிடம் கேட்ட நாளில் பதினெட்டுக்குக் கீழே இருந்தால் போதும், முடிவு வருவதற்குள் பதினெட்டு ஆகிவிட்டாலும் உரிமை போகாது என்றது. ஆனால் அப்படிப்பட்டவரின் குடும்பம், அந்தஸ்து கிடைத்த நாளிலிருந்து பொதுவாக மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். 2022 ஆகஸ்ட் 1-ல், ஜெர்மனி சம்பந்தப்பட்ட வழக்குகளில், விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது பிள்ளைக்குப் பதினெட்டு ஆனதைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்றது. 2024 ஜனவரி 30-ல், ஆஸ்திரிய வழக்கில், விண்ணப்பிக்கும் நாளிலும் பிள்ளை பதினெட்டுக்குக் கீழே இருந்தால் அந்த மூன்று மாதக் கெடுவே பொருந்தாது என்று தெளிவாக்கியது.

இவ்வளவையும் படித்துவிட்டு நான் வைத்திருக்கும் கணக்கு எளிமையானது. பதினெட்டாவது பிறந்தநாள் ஒன்று, அந்தஸ்துக் கடிதம் வந்ததிலிருந்து மூன்றாவது மாத முடிவு ஒன்று. சட்டம் சிலருக்கு இதைவிட அதிக நேரம் தந்தாலும், பாதுகாப்புக்காக, இரண்டில் எது முந்துகிறதோ அதற்கு முன் விண்ணப்பம் போய்விடட்டும். பதினெட்டு ஏற்கெனவே ஆகிவிட்டிருந்தால் மூன்று மாதக் கெடுதான் கணக்கு. பாஸ்போர்ட் வரவில்லை, பிறப்புச் சான்றிதழ் திருத்தத்தில் இருக்கிறது என்று காத்திருக்க வேண்டாம். இன்னின்னார் சேர விரும்புகிறோம், இன்னின்ன ஆவணம் பின்னால் வரும் என்று தூதரகத்துக்கும் அங்குள்ள குடியேற்ற அலுவலகத்துக்கும் எழுத்தில் போய்ச் சேரட்டும். போன தேதிக்கு அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டியவர், பிள்ளைக்கு நியமிக்கப்பட்டிருக்கும் சட்டப்பூர்வ பாதுகாவலர். முகாமில் பல அம்மாக்களுக்கு அப்படி ஒருவர் இருப்பதே தெரியவில்லை. மகனிடம் முதலில் கேட்க வேண்டியது அவருடைய பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும்தான்.

அடுத்து, "கார்டு கிடைச்சிட்டுது" என்று சொன்னால் போதாது; என்ன கார்டு என்று பார்க்க வேண்டும். மேலே சொன்ன உரிமை முழு அகதி அந்தஸ்துக்கு உரியது. அகதி என்று ஏற்காமல், திருப்பி அனுப்பினால் கடும் தீங்கு நேரும் என்பதால் தரும் துணைப் பாதுகாப்பு என்று வேறொரு வகை உண்டு. ஜெர்மனியில் அந்த வகையினருக்குக் குடும்பத்தை அழைப்பதை 2025 ஜூலை 24 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்திவைத்திருக்கிறார்கள். மிகக் கடுமையான சூழ்நிலைக்கு மட்டும் விலக்கு. எனவே முடிவுக் கடிதத்தின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நாடும் முக்கியம். டென்மார்க்கும் அயர்லாந்தும் ஒன்றியத்தில் இருந்தாலும் இந்த உத்தரவுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. சுவிட்சர்லாந்தின் புகலிடச் சட்டம் துணைவரையும் பதினெட்டுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளையும் அழைக்க விடுகிறது, பெற்றோரை அல்ல. பிரிட்டன் விதிகளும் அகதிச் சிறுவருக்கு இந்த உரிமையைத் தந்ததில்லை. கனடாவில் சிறுவர் தன் நிரந்தர வதிவிட மனுவில் தாய் தந்தையைச் சேர்க்க முடியாது. மனிதாபிமான அடிப்படையில் தனியாகக் கேட்க வேண்டும்.

நான் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. பிள்ளையைச் சித்தப்பாவோடோ மாமாவோடோ அனுப்பியிருப்பார்கள். வழியில் ஏஜென்ட், "அப்பா, மகன் என்று சொல்லிக்கொள்ளுங்கள், சுலபமாக இருக்கும்" என்று சொல்லிக்கொடுத்திருப்பார். அந்த வார்த்தை அங்கே பதிவாகிவிடும். பிறகு அம்மா விண்ணப்பிக்கும்போது, "தந்தை இங்கேயே இருக்கிறாரே, இவன் துணையில்லாமல் வந்தவன் இல்லையே" என்பார்கள். உத்தரவின் வரையறையே, சட்டப்படியோ வழக்கப்படியோ பொறுப்பான பெரியவரின் பராமரிப்பில் இல்லாதவர் என்றுதான் இருக்கிறது. அப்படி ஒரு பொய் பதிவாகியிருந்தால், அங்குள்ள வழக்கறிஞரிடம் உண்மையைச் சொல்லி, குடும்ப விண்ணப்பத்துக்கு முன்பே அதைச் சரிசெய்யுங்கள். இங்கிருந்து இன்னொரு பொய்ப் பத்திரம் தயாரித்து முதல் பொய்க்கு முட்டுக்கொடுக்காதீர்கள். பிள்ளையின் அந்தஸ்துக்கே அது உலை வைத்துவிடும்.

அதே அளவு ஆபத்தானது இன்னொன்று. இங்கே ஒரு சான்றிதழ் கிடைக்கத் தாமதமானால், "நீ அங்க இருக்கிற இலங்கைத் தூதரகத்தில போய் எடு" என்று மகனிடம் சொல்வது. தயவுசெய்து வேண்டாம். எந்த நாட்டிடமிருந்து பாதுகாப்புக் கேட்டானோ அந்த நாட்டின் பாதுகாப்பை அவனே விரும்பி மறுபடி நாடினால் அந்தஸ்து முடிவுக்கு வரலாம் என்று 1951 அகதிகள் உடன்படிக்கையிலேயே இருக்கிறது. பாஸ்போர்ட்டுக்கும் சான்றிதழுக்கும் அலைய வேண்டியவர் இங்கிருக்கும் தாய் மட்டுமே. சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்துக்கு அவர் போகலாம்.

முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு அங்கே இன்னும் ஒரு படி அதிகம். இந்தியாவில் 1987 ஜூலை 1 முதல் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடியாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. எனவே முகாமில் பிறந்த பிள்ளையின் பிறப்பை இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டப்படி பதிந்து, அதன் பிறகுதான் பாஸ்போர்ட் கேட்க முடியும். மாதக் கணக்கில் ஆகும். படகில் வந்தவரின் பாஸ்போர்ட்டில் நுழைவு முத்திரை இருக்காது என்பதால் எக்ஸிட் பெர்மிட் (நாட்டை விட்டு வெளியேற அரசு தரும் அனுமதி) இல்லாமல் விமான நிலையம் போய்ப் பயனில்லை. முகாம் பதிவு, கியூ பிராஞ்ச் (தமிழ்நாடு காவல்துறையின் உளவுப் பிரிவு) விசாரணை, நிலுவையில் வழக்கு இல்லை என்ற உறுதி எல்லாம் அதற்குத் தேவைப்படும். விசா வந்தபிறகு பார்க்கலாம் என்று விடாமல், தனி வட்டாட்சியர் அலுவலகத்தில் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

இனி எங்கள் எல்லைப் பக்கத்துக்கே உரிய தலைவலி. அந்த அம்மாவின் மகள் பிறந்தது சூலூர்பேட்டையில். பெயின்டிங் வேலைக்காகக் குடும்பம் கொஞ்ச காலம் அந்தப் பக்கம் இருந்திருக்கிறது. அம்மாவின் பெயரை யாழினி என்று வைத்துக்கொள்வோம். இலங்கைப் பத்திரத்தில் ழகரத்துக்கு ஆங்கிலத்தில் ஒற்றை எல். தமிழ்நாட்டு முகாம் அட்டையில் இசட், ஹெச். தெலுங்கில் ழகரமே கிடையாது. அங்கே ளகரம் போட்டு, அதை ஆங்கிலத்தில் வேறொரு விதமாக எழுதியிருந்தார்கள். தகப்பன் பெயரை வேறு வீட்டுப் பெயர் என்று நினைத்து முன்னால் சேர்த்துவிட்டார்கள். போதாததற்குச் சான்றிதழில் நெல்லூர் மாவட்டம் என்று இருக்கிறது. 2022 ஏப்ரலில் சூலூர்பேட்டை திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஜெர்மன் அதிகாரியின் கண்ணுக்கு இவர்கள் மூன்று வெவ்வேறு பெண்கள்.

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ன் 15-வது பிரிவின்படி பதிவாளரே எழுத்துப் பிழையைத் திருத்தலாம். பிறப்பையே பதியாமல் ஒரு வருடம் தாண்டியிருந்தால், முன்பு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு வர வேண்டியிருந்தது. 2023 அக்டோபர் முதல் கோட்டாட்சியர் மட்டத்திலேயே உத்தரவு வாங்கலாம். மூன்று எழுத்துக்கூட்டலும் ஒரே ஆளைக் குறிப்பவைதான் என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரமும் போட்டு வைத்தோம். அது திருத்தத்துக்கு மாற்று ஆகாது, துணைக்கு மட்டும்.

உறவு உண்மையானது என்றும் காட்ட வேண்டும். ஒரே வீட்டில் இருந்திருக்க வேண்டும், பணம் அனுப்பியிருக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. தொடர்ந்த பேச்சுத் தொடர்பு போதும் என்று 2022 தீர்ப்பு சொல்கிறது. வாட்ஸ்அப் அழைப்புப் பட்டியலை அழித்துவிடாதீர்கள். அந்த அம்மா போன் நிறைந்துவிட்டது என்று பழைய குரல்செய்திகளை எல்லாம் அழித்திருந்தார். மகன் பக்கத்தில் இருந்தன, நல்லவேளை.

மனதுக்குப் பாரமான விஷயம் தங்கை. பிரான்ஸ் 2018 செப்டம்பர் சட்டத்துக்குப் பிறகு, பெற்றோரோடு வரும் பதினெட்டுக்குக் கீழ்ப்பட்ட உடன்பிறப்புகளையும் அனுமதிக்கிறது. ஜெர்மனியில் தாய்க்கு இருக்கும் அந்த வலுவான உரிமை தங்கைக்குத் தானாக வராது. வருமானமும் இருக்க இடமும் காட்டச் சொல்லக்கூடும். 2024 ஆஸ்திரிய வழக்கில், பெற்றோரை முழுக்க நம்பியிருந்த, கடும் நோயுள்ள மூத்த சகோதரியையும் அனுமதிக்க நீதிமன்றம் சொன்னது, ஆனால் அது விதிவிலக்கான நிலை. "நீங்கள் முதலில் போய், பிறகு மகளை அழைக்கலாம்" என்று சொல்வது சட்டப் புத்தகத்தில் சுலபம். ஒன்பது வயதுப் பெண்ணை யாரிடம் விட்டுவிட்டுப் போவது?

"அவளை விட்டுட்டுப் போனா, திரும்பவும் ஒரு பிள்ளையைப் பிரிஞ்சிருக்கிற கதைதானே தம்பி" என்றார்.

"சரி அக்கா, ரெண்டு பேருக்கும் சேர்த்தே போடுவோம்" என்றேன். அன்று மாலையே மகனிடம் பேசி, இரண்டே நாளில் பாதுகாவலரின் கடிதம் போய்விட்டது. மூன்று மாதக் கெடு முடிய ஏழெட்டு வாரம் பாக்கி இருந்தது. தூதரக நேர்காணலுக்குக் காத்திருக்கிறோம். சூலூர்பேட்டையிலிருந்து திருத்திய சான்றிதழ் போன மாதம் வந்தது. தெலுங்கில் பெயர் ளகரத்தோடு அப்படியேதான் இருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒற்றை எல்லாக மாறிவிட்டது. ஜெர்மனியில் அந்த வரியைத்தான் படிப்பார்கள்.