மூத்த பிள்ளைக்குப் பால் பத்தவில்லையா? அடுத்ததற்கு இப்போதே ஆயத்தமாகலாம்

“மிஸ்ஸி, எனக்குப் பால் வராது. மூத்தவனுக்கே பத்தல.”

நான் கிளினிக் தாதி; இங்கே எங்களை மிஸ்ஸி என்பார்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்தும் தாமான்களிலிருந்தும் (வீடமைப்புக் குடியிருப்புகள்) இரண்டாவது பிள்ளைக்குச் செக்கப் வரும் பெண்கள் பலர், தங்கள் இரத்த வகையைச் சொல்வதுபோல் இதைச் சொல்வார்கள். மாறவே மாறாது என்ற முடிவோடு. ஏழாம் மாதத்திலேயே பால் மாவு டின் வாங்கி அடுக்கி வைத்தவர்களும் உண்டு.

நான் உடனே மறுத்துப் பேசுவதில்லை. அடுத்த செக்கப்புக்கு வரும்போது மூத்த பிள்ளையின் கிளினிக் புத்தகத்தைக் கொண்டு வரச் சொல்வேன். முதல் முறை பால் ஏன் குறைந்தது, குறைந்ததா இல்லையா என்று தெரியாமல் இரண்டாவது பிள்ளைக்கு ஆயத்தமாவது இருட்டில் துழாவுகிற வேலை. அம்மாவின் நினைவில் பிள்ளையின் அழுகையும் தூக்கம் கெட்ட இரவுகளும் இருக்கும். புத்தகத்தில் எடை இருக்கும்.

ஒரு புத்தகத்தை இங்கே திறந்து காட்டுகிறேன் (ஆளைத் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). பிறந்த எடை 3.1 கிலோ. ஏழாம் நாள் 2.9. இருபதாம் நாள் 3.25. ஏழாம் நாளிலிருந்து கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 27 கிராம் ஏறியிருக்கிறது. அந்த வயதில் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் நல்ல வளர்ச்சி. அதுவரை தாய்ப்பால் மட்டும்தான். அப்படியானால் போத்தல் எப்போது வந்தது என்று கேட்டேன். “நாலாவது வாரம், மிஸ்ஸி. சாயங்காலம் ஆனா விடாம அழுவான். அரை மணிக்கு ஒரு தடவ பால் கேப்பான். மாரு தொளதொளன்னு ஆயிடுச்சு. மாமியார் பார்த்துட்டு, பால் வத்திப்போச்சுன்னாங்க.”

பால் வற்றவில்லை. மாலை நேரத்தில் பிள்ளைகள் அடுத்தடுத்துக் குடிப்பது இயல்பு. மூன்று வாரம், ஆறு வார வாக்கில் அது இன்னும் கூடும். முதல் வாரங்களில் கல்லுப்போல இருந்த மார்பு பிறகு இளகுவதும் இயல்பு. பிள்ளையின் தேவைக்கு உடம்பு பழகிக்கொண்டது என்று அர்த்தம். பம்ப் வைத்து எடுத்தால் கொஞ்சம்தான் வருகிறது என்பதும் சான்றாகாது. பம்பை விடப் பிள்ளை நன்றாக இழுக்கும். ஆனால் அந்தப் பெண்ணுக்கு இதை அன்று யாரும் சொல்லவில்லை. போத்தல் பால் குடித்த பிள்ளை மூன்று மணி நேரம் தூங்கியது, மார்பில் குடிப்பது குறைந்தது. குடிக்காமல் மார்பில் தேங்கிய பால், இனி இவ்வளவு வேண்டாம் என்று உடம்புக்குச் சொல்லிவிடும். இரண்டே வாரத்தில் பால் நிஜமாகவே குறைந்துவிட்டது. என் அனுபவத்தில் அதிகம் பார்ப்பது இந்தக் கதையைத்தான்.

எல்லாப் புத்தகமும் இப்படி இருக்காது. சில புத்தகங்களில் எடை பத்து விழுக்காட்டுக்கு மேல் இறங்கியிருக்கும், மஞ்சள் காமாலைக்கு வார்டில் சேர்த்திருப்பார்கள், இரண்டு வாரம் ஆகியும் பிறந்த எடை திரும்பியிருக்காது. அங்கே நிஜமான குறை இருந்திருக்கிறது. அப்போது என் கேள்விகள் வேறு. பிரசவத்தில் இரத்தம் அதிகம் போனதா? நஞ்சுக்கொடியின் துண்டு உள்ளே தங்கியதா? நஞ்சுக்கொடி முழுதாக வெளியேறி, புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் இறங்கினால்தான் மூன்றாம் நாள் வாக்கில் பால் கட்டும், அதாவது நிறையச் சுரக்கத் தொடங்கும். துண்டு தங்கினால் அது தள்ளிப்போகும். கர்ப்பத்தில் இனிப்பு நீர் (நீரிழிவு) இருந்ததா? நம் இந்தியப் பெண்களுக்கு அது அதிகம், அதனாலும் பால் கட்டுவது ஓரிரு நாள் தாமதமாகலாம். தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி, மார்பில் அறுவை சிகிச்சை, கடுமையான இரத்தச் சோகை எல்லாவற்றையும் கேட்பேன். கர்ப்பத்தில் மார்பு கொஞ்சமாவது பெருத்ததா என்றும் கேட்பேன். சிலருக்குப் பால் சுரப்பித் திசுவே குறைவாக இருக்கும். இது அரிது, ஆனால் உண்டு. அவர்களிடம் போய் “மனசு வச்சா முடியும்” என்று சொல்வது கொடுமை.

இவற்றில் பாதி, பிரசவத்துக்கு முன்பே கை வைக்கக்கூடியவை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருப்பது, தைராய்டு சோதனை வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்பது, இரும்புச் சத்து மாத்திரையை அலமாரியில் சேர்த்து வைக்காமல் விழுங்குவது. மாத்திரை விஷயத்தில் எங்களை ஏமாற்றுவதாக நினைக்கிறார்கள். இரத்தச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்றும் சொல்வேன். 2001-இல் லான்செட் மருத்துவ இதழில் பிரிட்டனிலிருந்து ஒரு சிறிய ஆய்வு வந்தது. 22 தாய்மாரின் பாலை முதல் பிள்ளைக்கும் இரண்டாவது பிள்ளைக்கும் அளந்து பார்த்தார்கள். பிறந்த ஒரு வாரத்தில், இரண்டாவது பிள்ளைக்குச் சராசரியாகச் சுமார் 30 விழுக்காடு அதிகம் சுரந்திருந்தது. முதல் முறை குறைவாக இருந்தவர்களுக்குத்தான் ஏற்றமும் அதிகம். 22 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் நாங்கள் கிளினிக்கில் பார்ப்பதோடு அது ஒத்துப்போகிறது.

சரி, 36 வாரம் ஆனதும் என்ன செய்யலாம்? சீம்பாலை, அதாவது முதலில் சுரக்கும் கெட்டிப் பாலை, கையால் எடுத்துப் பழகலாம். கர்ப்பத்தில் நீரிழிவு உள்ள, மற்றபடி சிக்கல் இல்லாத 600-க்கும் மேற்பட்ட பெண்களிடம் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. 36 வாரத்திலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு முறை எடுத்ததால் பிள்ளைகளுக்குக் கெடுதல் எதுவும் தெரியவில்லை. ஆனால் குறைமாதப் பிரசவ அபாயம், கருப்பை வாயில் தையல், நஞ்சுக்கொடி கீழே இருப்பது, இரத்தக் கசிவு, இரட்டைப் பிள்ளை என்றால் வேண்டாம். யாராக இருந்தாலும் டாக்டரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

கையைக் கழுவி, வெதுவெதுப்பான துணியால் மார்பைக் கொஞ்சம் ஒத்திக்கொள்ளுங்கள். காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் பின்னால், கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே. முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு விரல்களை ஒன்றையொன்று நோக்கி அழுத்தி விட வேண்டும். தோலின் மேல் விரலை வழுக்க விட்டால் புண்ணாகும், பாலும் வராது. காம்பைப் பிடித்து இழுப்பது கூடவே கூடாது. கொஞ்ச நேரம் ஒன்றுமே வராது. அப்புறம் காம்பின் நுனியில் பொன்னிறமாக, தேன்போல் கெட்டியாக ஒரு சொட்டு எட்டிப் பார்க்கும். அதை 1 மில்லி ஊசிக்குழலில் உறிஞ்சி எடுத்து, தேதி எழுதி, ஃப்ரீசரில் வைக்கலாம். வயிறு இறுக்கினால் நிறுத்திவிடுங்கள். சிலருக்குச் சொட்டே வராது. அதை வைத்துப் பிற்பாடு பால் வராது என்று முடிவு கட்ட வேண்டாம். கை பழகுவதே இலாபம்.

பிள்ளை பிறந்த அன்று, லேபர் ரூமில் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்: “போன தடவ பால் பிரச்சனை, பிள்ளைய உடனே நெஞ்சுல போடுங்க.” நம் பெண்களுக்கு இதுதான் கஷ்டம், மிஸ்ஸிமார் கோபிப்பார்களோ என்று பேசாமல் படுத்திருப்பார்கள். அரசாங்க மருத்துவமனைகளில் பிள்ளைநேய மருத்துவமனைத் திட்டம் 1993-லேயே வந்துவிட்டது. பிறந்த முதல் மணி நேரத்தில் பிள்ளையைத் தோலோடு தோலாக வைத்துப் பாலூட்டத் தொடங்குவது அதன் அடிப்படை. கேட்பதில் தவறே இல்லை. பிள்ளையை வேறு வார்டுக்குக் கொண்டுபோனால் சும்மா படுத்திருக்காமல், முடிந்த உடனே கையால் எடுக்க ஆரம்பியுங்கள், ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது. முதல் நாள் ஒரு வேளைக்கு 2 முதல் 10 மில்லி குடித்தாலே பிள்ளைக்குப் போதும்.

வீட்டுக்கு வந்ததும் நடப்பதுதான் முக்கியம். இங்கே மாமியார், அம்மா, பத்தியம் பார்க்க வரும் பாட்டி எல்லோரும் இருப்பார்கள். அவர்களை எதிரியாக நினைக்காதீர்கள். சமைத்துப்போட்டு, மூத்ததைப் பார்த்துக்கொள்ள அவர்கள் இல்லாவிட்டால் எந்தத் தாயும் 24 மணி நேரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் கொடுக்க முடியாது. ஆனால் சிலவற்றைப் பிள்ளை பிறக்கும் முன்பே பேசி வைத்துவிடுங்கள். சேனை வைப்பதாகச் சொல்லி நாக்கில் தேன் தடவ வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்ற கொடிய நோய் வரலாம். சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம். பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைக்க வேண்டாம், உடம்பு ஊதும் என்ற பயத்தில் அரை கிளாஸ் சுடுநீரோடு நாளை ஓட்டுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. தாகத்துக்குக் குடிக்கட்டும். குடம் குடமாகக் குடித்தாலும் பால் அதிகமாகிவிடாது.

பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, முருங்கைக்கீரை தாராளமாகச் சாப்பிடட்டும். சத்தும் இருக்கிறது, யாரோ நமக்காக ஆக்கிப்போடுகிறார்கள் என்ற தெம்பும் இருக்கிறது. ஆனால் பிள்ளை குடிக்காமல், பால் வெளியேறாமல், எந்தக் கீரையும் பால் சுரக்க வைக்காது. மைலோவும்தான். கைபேசியில் பார்த்து வாங்கும் ‘பால் பூஸ்டர்’ மாத்திரைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. வெந்தய மாத்திரை இரத்தச் சர்க்கரையை இறக்கலாம், நீரிழிவு மருந்து எடுப்பவர்கள் கவனம். டொம்பெரிடோன் என்ற மாத்திரையைத் தோழி கொடுத்தாள் என்று விழுங்காதீர்கள். இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடியது, டாக்டர் எழுதித் தந்தால் மட்டுமே. பாலைக் குறைக்கும் மருந்துகளும் இருக்கின்றன: மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை. மருந்துக்கடையில் “பால் கொடுக்கிறேன்” என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

பால் பத்துகிறதா என்பதைப் பிள்ளையின் அழுகையை வைத்துப் பார்க்காமல் பெம்பர்சை (டயப்பரை) வைத்துப் பாருங்கள். ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு முறையாவது நன்றாக நனைந்திருக்க வேண்டும், மலம் கறுப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறி மூன்று முறையாவது போக வேண்டும். ஐந்தாம் நாளும் மலம் கறுப்பாகவே இருந்தால், சிறுநீரில் செங்கல் பொடி நிறத்தில் கறை தெரிந்தால், எழுப்பினாலும் குடிக்காமல் பிள்ளை தூங்கிக்கொண்டே இருந்தால், மஞ்சள் கூடினால், அன்றே கிளினிக்குக்குக் கொண்டு வாருங்கள். வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். கொடுக்கும்போது காம்பு வலித்தால் பல்லைக் கடித்துக்கொள்ளாமல், வீட்டுக்கு வரும் மிஸ்ஸியை உட்கார வைத்து ஒரு முறை கொடுத்துக் காட்டுங்கள். பிள்ளை காம்பை மட்டும் கவ்வுகிறதா, நாக்கின் அடியில் சவ்வு இழுத்துப் பிடிக்கிறதா என்று நேரில் பார்த்தால்தான் தெரியும்.

எடை ஏறாவிட்டால் மேற்கொண்டு பால் கொடுத்தே ஆக வேண்டும். பிள்ளையைப் பட்டினி போட்டுத் தாய்ப்பாலைக் காப்பாற்ற முடியாது. முதலில் மார்பு, பிறகு எடுத்து வைத்த தாய்ப்பால், அதுவும் போதாவிட்டால் டாக்டர் சொன்ன அளவுக்கு மாவுப்பால். கூடவே, ஒவ்வொரு முறையும் கையாலோ பம்பாலோ எடுக்க வேண்டும். சுரப்பித் திசு குறைவாக உள்ள ஒரு தாய்க்கு, மெல்லிய டியூபைக் காம்போடு ஒட்டி, பிள்ளை மார்பில் குடிக்கும்போதே மாவுப்பாலும் வாய்க்குள் போகும்படி செய்தோம். பாதிப் பால் அவளுடையது, பாதி டின். ஒரு வயது வரை அப்படியே ஓட்டினாள். முதல் பிள்ளைக்கு மூன்றாம் வாரமே விட்டவள் அவள்.

வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கு: 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகியிருக்கிறது. கணவருக்கும் ஏழு நாள் உண்டு, அதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஈப்போ பக்கம் தொழிற்சாலைக்குப் பஸ்ஸில் போகும் பெண்கள், 12 மணி நேர ஷிப்டில் ஒரு முறைகூடப் பால் எடுக்காவிட்டால் சில வாரங்களில் குறைந்துவிடும். மூன்று மணிக்கு ஒரு முறை என்று சூப்பர்வைசரிடம் விடுப்பில் இருக்கும்போதே பேசிவிடுங்கள், வேலைக்குப் போன முதல் நாள் பேசினால் முகம் சுளிப்பார்கள். எடுத்த பாலை நம் ஊர் வெக்கையில் வெளியே வைக்காமல் உடனே ஐஸ் கட்டி போட்ட பையில் வையுங்கள். வீட்டு ஃப்ரிட்ஜின் உள்பக்கத்தில் நான்கு நாள் வரை தாங்கும். கதவில் மட்டும் வைக்காதீர்கள், மூத்தது நிமிடத்துக்கு ஒரு முறை திறந்துகொண்டிருக்கும்.