குவிஸ்லிங்: ஒரு நார்வேக் குடும்பப் பெயரும் அதற்கான தமிழும்

அண்மையில் ஒரு மொழிபெயர்ப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன். இரண்டாம் உலகப்போர்க் காலத்து நார்வே பற்றிய கட்டுரை அது. நடுவில் ‘எட்டப்பன் அரசு’ என்று ஒரு தொடர் வந்தது. மூலத்தைப் பார்த்தால் அங்கே ‘குவிஸ்லிங் அரசு’ என்றிருந்தது. மொழிபெயர்த்தவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆங்கில அகராதியில் குவிஸ்லிங் என்றால் துரோகி. தமிழில் துரோகி என்றதும் நாக்கு நுனியில் வந்து நிற்கும் பெயர் எட்டப்பன். ஆனால் அந்த இடத்தில் குவிஸ்லிங் என்பது உவமையாக வரவில்லை. அந்த அரசை நடத்திய மனிதரின் குடும்பப் பெயரே அதுதான். அவர் பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் குடும்பம் தாங்கிவந்த பெயர்.

முதலில் எழுத்துமுறை. இந்தப் பெயரை நார்வேக்காரர்கள் ‘க்விஸ்லிங்’ என்று ‘வ’ நன்றாகக் கேட்கும்படி சொல்வார்கள். தமிழில் மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்பதால் ‘குவிஸ்லிங்’ என்று எழுதினால் போதும், ஒலியும் கெடாது. சிலர் எழுதும் ‘குயிஸ்லிங்’ எந்த உச்சரிப்புக்கும் ஒத்துவரவில்லை.

நார்வேயின் குடும்பப் பெயர்களில் பெரும்பாலானவை இரண்டு வழியில் வந்தவை. ஒன்று தந்தை பெயர். ஹான்ஸ் மகன் ஹான்சன், ஓலே மகன் ஓல்சன். நாம் தலைப்பெழுத்தாகத் தந்தை பெயரைச் சுமக்கிறோமே, கிட்டத்தட்ட அதே ஏற்பாடு. ஒரு காலத்தில் அங்கேயும் தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறிக்கொண்டுதான் இருந்தது. இன்னொன்று பண்ணைப் பெயர். குடியிருந்த நிலத்தின் பெயரே ஆளின் பெயராகும். பக்கே என்றால் மேடு, ஹேகன் என்றால் வேலியடைத்த நிலம், தால் என்றால் பள்ளத்தாக்கு. வேறு பண்ணைக்குக் குடிபெயர்ந்தால் பெயரும் கூடவே மாறிவிடும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் நிலையான, பரம்பரையாக வரும் ஒரு பெயர் இருந்தாக வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் பெயர்ச் சட்டம் சொன்ன பிறகுதான் எல்லாம் அப்படியே உறைந்தன. இன்றும் ஹான்சன் என்ற பெயருடையவர்கள் மட்டும் சுமார் 50,000 பேர்.

குவிஸ்லிங் இந்த இரண்டு வழியிலும் வந்ததில்லை. இது மூன்றாவது வகை. படித்தவர்கள், பாதிரியார்கள், அதிகாரிகள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் வட ஐரோப்பாவில் கல்வி என்றாலே லத்தீன். சொந்த ஊர்ப் பெயரை லத்தீனாக்கிச் சூட்டிக்கொள்வது அந்தக் காலத்துக் கௌரவம். டென்மார்க்கில் ‘ப்ரோபி’ என்ற ஊரைச் சேர்ந்தவர்கள் அதைப் பாலம், ஊர் என்று பிரித்து, லத்தீனில் பெயர்த்து ‘பொந்தொப்பிதான்’ ஆனார்கள். அந்தப் பெயரில் பேர்கன் நகருக்கு ஒரு பிஷப்பே இருந்தார். நம் பக்கத்தில் பழமலை விருத்தாசலம் ஆனதும், மறைக்காடு வேதாரண்யம் ஆனதும் இதே மனப்போக்குதான்.

குவிஸ்லிங் குடும்பத்தின் முன்னோர் லவுரிட்ஸ் இப்சன் என்று ஒருவர் (1634–1703). இப்சன் என்றால் ‘இப்’ என்பவரின் மகன், அவ்வளவுதான். டென்மார்க்கின் சேலண்ட் தீவில், ஸ்லாகெல்சே நகருக்கு அருகிலுள்ள க்விஸ்லெமார்க் என்ற சிற்றூர்க்காரர். அங்கிருந்து நார்வேக்குப் போனார். அன்று இரண்டு நாடுகளுக்கும் ஒரே அரசர், அதனால் அது வெளிநாட்டுப் பயணம்கூட இல்லை. ஊர்ப் பெயரின் முன்பாதியை எடுத்து லத்தீன் வால் ஒட்டி ‘குவிஸ்லினுஸ்’ என்று ஒரு பெயரை உருவாக்கிக்கொண்டார். வால் உதிர்ந்து அது ‘குவிஸ்லின்’ ஆனது. பிற்பாடு கடைசியில் ஒரு ‘ங்’ ஒலி சேர்ந்து குவிஸ்லிங்.

அந்தக் கடைசி எழுத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஜெர்மானிய மொழிகளில் ‘லிங்’ என்பது ஒரு விகுதி. சிறியது, எளியது என்ற பொருள் தரும், சில இடங்களில் இளக்காரமும் தொனிக்கும். நார்வே மொழியில் கோழிக்குஞ்சு ‘ஷில்லிங்’, வலுவில்லாதவன் ‘ஸ்வேக்லிங்’. ஆங்கிலத்திலும் கீழ்நிலை ஊழியரை இளக்காரமாகக் குறிக்கும் ‘அண்டர்லிங்’ இருக்கிறது. இந்தப் பெயரில் அந்த விகுதியே கிடையாது. ‘லின்’ என்று முடிந்த பெயர் தற்செயலாக ‘லிங்’ ஆனது, அவ்வளவே. ஆனால் காது பிறப்பை விசாரிப்பதில்லை. 1940-இல் ஆங்கிலேயரின் காதில் இது விழுந்தபோது அந்த இளக்காரமும் சேர்ந்தே விழுந்தது. இன்னும் ஒருபடி மேலே போய், இறுதியில் இருப்பதைத் தொழிற்பெயர் விகுதி என்று எடுத்துக்கொண்டு ‘குவிஸில்’ என்று ஒரு வினைச்சொல்லையே வெட்டி எடுத்தார்கள். நாட்டைக் காட்டிக்கொடு என்று அதற்குப் பொருள்.

இனி, பெயரைக் கெடுத்தவர். விட்குன் குவிஸ்லிங் 1887 ஜூலை 18-ஆம் தேதி, தெலமார்க் வட்டாரத்தில் ஃபூரெஸ்தால் என்ற ஊரில் பிறந்தார். தந்தை அங்கே பாதிரியார், குடும்ப மரபுகளை ஆராய்ந்தவரும்கூட. தங்கள் பெயர் எங்கிருந்து வந்தது என்பதைத் தேடிப் பதிவு செய்வதில் ஆர்வமுள்ள ஒரு வீட்டில்தான் இவர் வளர்ந்தார் என்பதை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது. ராணுவக் கல்லூரியில் அதுவரை யாரும் வாங்காத மதிப்பெண். 1922-இல் உக்ரைன் பஞ்சத்தின்போது நார்வேயின் துருவப் பயணி நான்சனுடைய நிவாரணப் பணியில் வேலை செய்தார். 1931 முதல் 1933 வரை பாதுகாப்பு அமைச்சர். அப்புறம் ஜெர்மனியின் நாஜிக் கட்சியைப் பார்த்துச் சொந்தக் கட்சி தொடங்கினார். மக்கள் வாக்களிக்கவில்லை. 1939 டிசம்பரில் பெர்லினுக்குப் போய் ஹிட்லரைச் சந்தித்தார்.

1940 ஏப்ரல் 9, ஜெர்மன் படை நார்வேக்குள் நுழைந்த நாள். அரசரும் அமைச்சரவையும் ஆஸ்லோவை விட்டு வடக்கே போய்விட்டார்கள். அன்று மாலை ஆஸ்லோ வானொலி நிலையத்தில் குவிஸ்லிங் ஒலிவாங்கி முன் உட்கார்ந்தார். நான்தான் பிரதமர் என்று அறிவித்தார், படை திரட்டும் ஆணையை நிறுத்தச் சொன்னார். நாடு காக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தவர்களை வீட்டிலேயே இருக்கச் சொன்ன அறிவிப்பு அது. மறுநாள் அரசர் ஏழாம் ஹோகோன், இந்த ஆளைப் பிரதமராக நியமிப்பதைவிட முடியைத் துறப்பேன் என்று தன் அமைச்சர்களிடம் சொல்லிவிட்டார். ஒரு வாரத்துக்குள் ஜெர்மானியர்களே குவிஸ்லிங்கை ஒதுக்கிவைத்தார்கள்.

பதவி ஒரு வாரம் நிற்கவில்லை, சொல் நின்றுவிட்டது. பத்தே நாளில், ஏப்ரல் 19 அன்று, லண்டன் டைம்ஸ் நாளிதழ் இந்தப் பெயரைப் பற்றி ஒரு தலையங்கம் எழுதியது. எழுத்தாளர்களுக்கு இது கடவுள் கொடுத்த பரிசு என்றது. கேட்கும்போதே வழுக்கலும் நெளிவும் தெரிகிறதாம். Q-வில் தொடங்குவது இன்னும் விசேஷமாம், ஆங்கிலேயரின் மனத்துக்கு அந்த எழுத்தே சந்தேகத்துக்குரியதாம். நார்வே மொழியில் அந்த எழுத்து இப்போது பெயர்களில்தான் மிஞ்சியிருக்கிறது, அதாவது பழைமையின் அடையாளம். ஓர் ஊரில் பழங்குடும்பத்தின் முத்திரை, இன்னோர் ஊரில் கோணல் எழுத்து. 1941 ஜூனில் சர்ச்சில் தன் உரையில் குவிஸ்லிங்குகள் என்று பன்மையில் பயன்படுத்தினார். அதற்குப் பிறகு பெயரைத் திரும்பப் பெற வழியே இல்லை.

வெறும் ஒலிப் பொருத்தத்தால் சொல் நிலைக்கவில்லை. 1942 பிப்ரவரி 1-ஆம் தேதி ஜெர்மானியர்கள் அவரை மறுபடி பதவியில் அமர்த்தினார்கள். அந்த ஆண்டு நவம்பர் 26 அன்று ‘தோனாவ்’ என்ற கப்பல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட யூதர்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்லோ துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. அவர்கள் அவுஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மிகப் பெரும்பாலோர் திரும்பவில்லை. அவர்களை வீடு வீடாகப் போய்ப் பிடித்துவந்தவர்கள் நார்வேக் காவலர்கள். குவிஸ்லிங் என்ற சொல்லின் முழுக் கனம் இங்கேதான் இருக்கிறது. எதிரிக்கு ரகசியம் சொன்னவன் என்பதோடு முடியவில்லை. எதிரியின் பெயரால், சொந்த நாட்டின் நாற்காலியில் உட்கார்ந்து, சொந்த நாட்டின் அதிகாரிகளை ஏவி, சொந்த மக்களை ஒப்படைத்தவன். 1945 அக்டோபர் 24 அன்று ஆஸ்லோவின் ஆகெர்ஷுஸ் கோட்டையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் குடியிருந்த மாளிகையில் இப்போது யூத இன அழிப்பை ஆராயும் மையம் இருக்கிறது.

சரி, அந்தக் குடும்பப் பெயர் இன்று எந்த நிலையில் இருக்கிறது? நார்வேயில் ‘அரிய பெயர்’ என்பதற்குச் சட்டமே அளவு வைத்திருக்கிறது. 2003-இல் நடைமுறைக்கு வந்த பெயர்ச் சட்டப்படி, 200 அல்லது அதற்குக் குறைவானவர்கள் வைத்திருக்கும் குடும்பப் பெயர் பாதுகாக்கப்பட்டது. முன்னோர் வழி உரிமை போன்ற விலக்குகள் இல்லாத வெளியாள் அதை எடுக்க வேண்டுமானால், அந்தப் பெயருள்ள அனைவரின் சம்மதமும் வேண்டும். நாட்டின் புள்ளியியல் அலுவலகம் இணையத்தில் பெயர் தேடும் வசதி வைத்திருக்கிறது. பெயரைத் தட்டினால் எத்தனை பேர் என்று சொல்லும். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் எண்ணைக் காட்டாது, தனிமனிதர்கள் அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக. குவிஸ்லிங் 200 என்ற கோட்டுக்கு மிக மிகக் கீழே இருக்கும் பெயர். முதலிலிருந்தே ஒரே குடும்பத்தின் பெயர்தான், பண்ணைப் பெயர்போல் பல இடத்தில் தனித்தனியாக முளைத்ததில்லை. விட்குனுக்குப் பிள்ளைகள் கிடையாது. பெயரே வசையாகிவிட்ட நாட்டில் அது எப்படிப் பெருகும்?

அமெரிக்காவில் நிலைமை வேறு. விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் இதே பெயருடைய, நார்வே வம்சாவளி மருத்துவர் குடும்பம் ஒன்று இருந்தது. அவர்களுடைய மருத்துவமனைக்குக் குவிஸ்லிங் கிளினிக் என்றே பெயர். 1937-இல், அதாவது பெயர் கெடுவதற்கு மூன்று ஆண்டு முன்பு, அங்கே எழுந்த ‘குவிஸ்லிங் டவர்ஸ்’ என்ற வளைவான சுவர்கள் கொண்ட அடுக்ககம் இன்று பாதுகாக்கப்பட்ட வரலாற்றுக் கட்டடம். போர் வந்தது, உலகமே அந்தப் பெயரை வைத வேளையிலும் அவர்கள் பலகையை மாற்றவில்லை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். எட்டப்பன் என்ற வழக்கும் குவிஸ்லிங் பிறந்த அதே விதத்தில் பிறந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எட்டப்பர் என்பது எட்டயபுரம் பாளையக்காரர்களின் பரம்பரைப் பட்டம். 1799-இல் அந்தப் பட்டத்தில் இருந்தவர் கும்பினிப் பக்கம் நின்றார், பட்டம் முழுவதும் கறைபட்டது. கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? முத்துசுவாமி தீட்சிதரை ஆதரித்ததும் சுப்பிரமணியனுக்குப் பாரதி என்று பட்டம் கொடுத்ததும் அதே எட்டயபுரம்தான். ஈழத்தில் இதே இடத்தில் நிற்கும் பெயர் காக்கை வன்னியன், பண்டார வன்னியனைக் காட்டிக்கொடுத்ததாகச் சொல்லப்படுபவன். ஆக ஒரு பெயருக்குப் பதில் இன்னொரு பெயரை வைத்தால், ஒரு குடும்பத்துக்கு நேர்ந்ததையே இன்னொரு மரபுக்கும் நாம் செய்கிறோம். மேடைப்பேச்சில் வரட்டும். மொழிபெயர்ப்பிலும் அகராதியிலும் வேண்டாம் என்பது என் கருத்து.

துரோகி என்பது மிக அகலமான சொல். நண்பனை ஏமாற்றியவனும் துரோகிதான். ஐந்தாம்படை என்பது 1936-இல் ஸ்பெயின் போரில் பிறந்த தொடர், ஒளிந்திருந்து உதவுபவர்களைக் குறிப்பது. குவிஸ்லிங் ஒளியவில்லை, வானொலியில் பேசினார். கைக்கூலி என்றால் காசுக்கு வேலை செய்பவன், அதுவும் பொருந்தவில்லை. நார்வேக்காரர்கள் சட்ட மொழியில் ‘லான்ஸ்வீக்’ என்கிறார்கள். நாட்டுத் துரோகம் என்று பிரித்தாலே தமிழாகிவிடும். போருக்குப் பிறகு நடந்த வழக்குகளுக்கு அந்தப் பெயர்தான்.

நம்மிடம் இதற்கென்றே ஒரு பழைய சொல் இருக்கிறது: உட்பகை. குறளில் அதற்கு ஓர் அதிகாரமே உண்டு. செப்பும் மூடியும் சேர்ந்திருப்பதுபோல் வெளிக்குச் சேர்ந்திருந்தாலும், உட்பகை உற்ற குடி உள்ளே சேராது என்கிறது 887-ஆம் குறள். பொதுவாக இந்த வகை மனிதரைச் சொல்ல ‘உட்பகைவர்’ பொருத்தமாக வரும். பகைவருக்காக ஆட்சி நடத்துபவர் என்ற குறிப்பான பொருள் வேண்டுமென்றால் ‘பகைவரின் ஏவலாட்சியாளர்’ என்று சொல்லலாம், அந்த அரசு ‘ஏவல் அரசு’. பொம்மை அரசு என்ற வழக்கு ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் பொம்மைக்குப் பொறுப்பு கிடையாது. ஏவலை ஏற்றுச் செய்தவனுக்கு உண்டு.

அந்தக் கட்டுரையில் ‘எட்டப்பன் அரசு’ என்பதை அடித்துவிட்டு, ‘ஜெர்மானியரின் ஏவல் அரசாக இருந்த குவிஸ்லிங் அரசு’ என்று எழுதி அனுப்பினேன். மொழிபெயர்த்தவர் அதை அப்படியே வைத்துக்கொண்டார்.