பதினேழாம் நம்பர் சீட்டும் வால் முளைத்த அம்பும்

திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போகும் இரவு பஸ் ஒன்றில் 17ஆம் நம்பர் சீட்டை எனக்கும் ஓர் அம்மாவுக்கும் சேர்த்தே விற்றிருந்தார்கள். "தம்பி, எனக்கும் பதினேழுதான்" என்று போனைக் காட்டினார். ஹபரணை வரை நின்றுகொண்டே போனேன். புக்கிங் மென்பொருள் செய்தவரிடம் "ஒரு சீட், ஒரு ஆள்" என்று வாயால் சொல்லியிருப்பார்கள், அவர் அதை ஓர் ஆளுக்கு இரண்டு சீட் கொடுக்கக்கூடாது என்று விளங்கிக்கொண்டிருப்பார் என்பது என் ஊகம். ஒரு சீட்டுக்கு இரண்டு ஆள் வரக்கூடாது என்பது வேறு விதி.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் இசட், வீடீஎம் போன்ற விவரக்குறிப்பு மொழிகள். (பல்கலைக்கழக இசட் புள்ளிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) மென்பொருள் என்ன செய்யவேண்டும் என்பதை, பள்ளியில் படித்த தொடை, சார்பு இவற்றை வைத்தே எழுதுவார்கள். இசட்டில் சீட்டிலிருந்து ஆளுக்கு ஓர் அம்பு கீறினால் ஒரு சீட்டுக்கு ஒரே ஆள். அம்பின் நடுவே சின்னக் கோடு போட்டால் சில சீட் வெறுமையாக இருக்கலாம். அம்புக்கு வாலும் வைத்தால் ஓர் ஆளுக்கு இரண்டு சீட்டும் கிடையாது.

சரி, அந்த வாலுக்கு எல்லா ஊரிலும் ஒரே அர்த்தம்தானா? 1970களில் ஐபிஎம்மின் வியன்னா ஆய்வுகூடத்தில் பிறந்த வீடீஎம், பிறகு பிரிட்டனில் ஒரு மாதிரியும் டென்மார்க்கில் ஒரு மாதிரியும் எழுதப்பட்டது. 1996இல் வந்த ஐஎஸ்ஓ தரம் கணிதக் குறி, கீபோர்ட் எழுத்து என்று இரண்டு வடிவத்தையும் ஏற்றுக்கொண்டது. இசட்டுக்குத் தரம் வர 2002 ஆனது.

குறிகளில் ஒத்துப்போவது லேசு. வெறும் சீட்தான் தலையிடி. "17இல் இருப்பவருக்கு 60 வயதுக்கு மேல், அல்லது பஸ் இன்னும் வெளிக்கிடவில்லை." 17இல் ஆளே இல்லையென்றால் இந்த வசனம் உண்மையா, பொய்யா? வீடீஎம்மின் தர்க்கத்தில் உண்மை, பொய்யோடு மூன்றாவதாக 'வரையறுக்கப்படாதது' என்றும் ஒன்று உண்டு. 'அல்லது'வின் எந்தப் பக்கம் உண்மையானாலும், மற்றப் பக்கம் அந்தரத்தில் நின்றாலும், முழு வசனமும் உண்மை. ஆனால் இந்தக் குறிப்புகளை ஓட்டிப் பார்க்கும் கருவிகள் இடமிருந்து வலமாகவே போகும், ஆளில்லாத சீட்டில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். அதனால் "பஸ் வெளிக்கிடவில்லை" என்பதை முன்னுக்கு எழுதிவிடுவது என் பழக்கம்.