டைமிங் டெல் என்னும் நேரச்சாடை

இணையப் போக்கரில் எதிராளி தன் முறை வந்தபின் முடிவெடுக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பதை வைத்து, அவர் கையில் இருக்கும் சீட்டின் வலிமையை ஊகிக்க உதவும் குறிப்புக்கு 'டைமிங் டெல்' என்று பெயர். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பணம் வைக்காமல், வெறும் புள்ளிகளுக்காகக் கைபேசியில் ஆடும் என் நண்பர்கள் சிலர் இச்சொல்லை அப்படியே எடுத்தாள்கிறார்கள். ஆனால் கடலூர்ச் சாலைக்காரர்களுக்கு 'டைமிங்' என்றதும் நினைவுக்கு வருவது, தனியார் பேருந்துகளின் நடத்துநர்கள் நிலையத்தில் போடும் 'டைமிங் தகராறு'தான். புறப்பாட்டு நேரத்துக்கு ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் சொல்லின்மேல் இன்னொரு பொருளையும் ஏற்றுவதைவிட, தமிழில் இதற்கென ஒரு சொல்லைத் தேடுவது நல்லது.

இத்தொடரின் உயிர் 'டெல்' என்பதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது சொல்லுதலைக் குறிக்கும் வினை. பழைய ஆங்கிலத்தில் எண்ணிக் கணக்கிடுவதையும் குறித்தது. அந்தப் பழம்பொருள் இன்றும் வங்கியில் பணத்தை எண்ணித் தருபவரைக் குறிக்கும் 'டெல்லர்' என்ற சொல்லில் மிஞ்சியிருக்கிறது. ஜெர்மானிய மொழியில் எண்ணுதலைக் குறிக்கும் வினையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. எண்ணுவதிலிருந்து எடுத்துரைப்பதற்கு ஆங்கிலச் சொல் நகர்ந்தது என்றால், நம் 'எண்ணு' எண்ணிக்கையையும் நினைப்பையும் ஒருசேரக் குறிக்கிறது. எதிராளி எடுக்கும் நொடிகளை எண்ணி அவருடைய எண்ணத்தை அறியப் பார்க்கும் இந்த வேலைக்கு அது எவ்வளவு பொருத்தம்! சீட்டாட்ட வழக்கில் 'டெல்' பெயர்ச்சொல்லாகி, ஆடுபவர் தம்மை அறியாமல் வெளிக்காட்டும் அடையாளத்தைக் குறிக்கலாயிற்று.

'போக்கர்' என்ற பெயருக்குப் 'பொக்' என்னும் பழைய பிரெஞ்சுச் சீட்டாட்டத்தை மூலமாகக் காட்டுவோர் உண்டு. ஆட்டம் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நியூ ஆர்லியன்ஸ் வட்டாரத்தில் உருப்பெற்றது. அந்நகரமும் புதுச்சேரியைப் போலப் பிரெஞ்சு ஆட்சியைக் கண்ட ஊர்தான்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும்போது நடுங்கும் விரல், மாறும் மூச்சு, தப்பும் பார்வை என்று பல அடையாளங்கள் கிடைக்கும். 1998ஆம் ஆண்டு தொடக்கத்தில் பணம் வைத்து ஆடும் முதல் இணையப் போக்கர் தளம் வந்தபோது, இவை அனைத்தும் திரைக்குப் பின்னால் மறைந்துவிட்டன. எஞ்சியவை பந்தயத்தின் அளவும் அதை வைக்க எடுத்த நேரமும் மட்டுமே. ஒருவர் பந்தயம் வைத்தவுடனே மற்றவர் கண நேரத்தில் அதே அளவு வைத்து ஈடு கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். (ஈடு கட்டுவதை ஆங்கிலத்தில் 'கால்' என்பார்கள், தமிழில் அப்படியே எழுதினால் அது உடலுறுப்பாகிவிடும்.) மிக வலுவான சீட்டு இருந்தால் பந்தயத்தை உயர்த்தலாமா என்று யோசித்திருப்பார், மிக மோசமான சீட்டு என்றால், ரம்மிக்காரர்கள் 'ஸ்கூட்' என்று சொல்வதைப் போல, விலகிவிடலாமா என்று யோசித்திருப்பார். இரண்டுக்கும் நேரம் பிடித்திருக்கும். எனவே உடனடியாக ஈடு கட்டியவரிடம் நடுத்தரமான சீட்டோ, இன்னும் ஒரு சீட்டு வந்தால் நிறைவடையும் கையோ இருக்கலாம் என்பது பொதுவான ஊகம். மாறாக, நெடுநேரம் யோசித்துவிட்டுப் பந்தயத்தை உயர்த்துபவரைக் கண்டால் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. நெடுநேரம் யோசித்துவிட்டுப் பந்தயம் வைக்காமலே முறையைக் கடத்துபவர், பெரும்பாலும், யோசிப்பதுபோல் காட்டி எதிராளியை அச்சுறுத்தப் பார்க்கிறார். முறை வருமுன்பே 'கடத்து, இல்லையேல் விலகு' என்ற பொத்தானை அழுத்தி வைத்தவரின் பதிலோ மனிதக் கை தொட முடியாத வேகத்தில் வந்து விழுந்து, அவருக்கு அந்தச் சுற்றில் அக்கறை இல்லை என்பதைத் தெரிவித்துவிடும்.

இவை அனைத்தும் ஊகங்களே. எதிராளி ஒரே நேரத்தில் நான்கு மேசைகளில் ஆடிக்கொண்டிருக்கலாம். இணைய இணைப்பு தடுமாறியிருக்கலாம். வாசலில் தண்ணீர் கேன்காரர் அழைத்திருக்கலாம். ஆகையால் ஒருவருடைய வழக்கமான வேகம் இன்னது என்று பல சுற்றுகள் கவனித்த பிறகே, அதிலிருந்து அவர் விலகும் இடத்துக்குப் பொருள் காண வேண்டும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் எல்லா முடிவுகளுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு நேரம் எடுத்துக்கொண்டு இந்த வழியை அடைத்துவிடுவதும், வேண்டுமென்றே தாமதித்து எதிராளியைப் பிழையாக ஊகிக்க வைப்பதும் உண்டு. சொல்லாக்கத்தில் சிக்கல் தருவது இந்தக் கடைசி வழக்கம்தான்.

தமிழில் முதலில் தோன்றுவது 'மெய்ப்பாடு'. உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதை நகை, அழுகை முதலாக எட்டு வகையாகப் பிரித்துத் தொல்காப்பியம் தனி இயலே வகுத்திருக்கிறது. நேரடி ஆட்டத்து 'டெல்'லுக்கு அதைவிடச் சிறந்த சொல் இருக்க முடியாது. ஆனால் மெய்யே கண்ணுக்குத் தெரியாத இணைய ஆட்டத்தில் மெய்ப்பாடு எங்கிருந்து வரும்? அடுத்தது 'குறிப்பு'. திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்ற தலைப்பு, பொருட்பாலில் 71ஆம் அதிகாரமாகவும் காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரமாகவும் இருமுறை வருகிறது. அறிபவரின் செயலுக்கு அது அருமையான பெயர். எனினும் 'நேரக்குறிப்பு' என்று சேர்த்தால் அலுவலகப் பதிவேடுதான் நினைவுக்கு வரும். 'கணக்குறிப்பு' என்றாலோ பாதிப்பேர் 'கணக்கு' என்று வாசித்து நிறுத்துவார்கள். 'இங்கிதம்' என்ற வடசொல் உள்ளக் கருத்தைக் காட்டும் சைகையைக் குறித்ததுதான். இன்று அது பிறர் மனம் அறிந்து நடக்கும் பண்பாகிவிட்டது. 'சமிக்ஞை' வேண்டுமென்றே செய்வது.

எனக்குப் பொருத்தமாகப் படுவது 'சாடை'. கண்சாடை என்பது வேண்டுமென்றே காட்டுவது. முகச்சாடையோ யாரும் தெரிந்தெடுத்துக்கொள்ளாதது. பிள்ளையின் முகத்தில் தாத்தாவின் சாடை தானாகவே தெரிகிறது. நினைத்துக் காட்டியதையும் நினையாமல் தெரிந்துவிட்டதையும் ஒரே சொல்லால் குறிக்கும் இந்த இரட்டைத் தன்மையே இங்கு நமக்குத் தேவைப்படுவது. ஏனெனில் எதிராளியின் தாமதம் உண்மையா நடிப்பா என்பது சீட்டைத் திருப்பிக் காட்டும்வரை தெரியாது. ஆகவே 'டைமிங் டெல்' என்பதை 'நேரச்சாடை' என்றும், ஏமாற்றுவதற்காகக் காட்டப்படுவதைப் 'பொய்ச்சாடை' என்றும் சொல்லலாம். 'ஜாடை' என்று எழுதும் வழக்கமும் உண்டு. ஆனால் 'நேர' என்பதன் பின் இயல்பாக வல்லினம் மிகுந்து ஒட்டிக்கொள்ள 'சாடை'யே உதவும்.

2025 ஆகஸ்டில் இயற்றப்பட்ட நடுவணரசுச் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்தபோதும், இச்சொல்லுக்குச் சீட்டுக்கு வெளியிலும் வேலை இருக்கிறது. புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் வஞ்சிரத்துக்கு நாம் ஒரு விலை கேட்கிறோம். மீன்காரம்மா மறுபேச்சின்றி, "எடுத்துக்கோ" என்று சொல்லித் துண்டு போடக் கத்தியை எடுத்துவிட்டால், கூடுதலாகக் கேட்டுவிட்டோம் என்பதை அந்த நேரச்சாடையே தெரிவித்துவிடுகிறது. அதே அம்மா நெடுநேரம் முகத்தைச் சுளித்துவிட்டுச் சம்மதித்தால், அது பொய்ச்சாடையாகவும் இருக்கலாம்.