பனிக்கட்டிக்குள் பழங்காற்று: துருவ அறிவியல் வகுப்பறைக்கு வரும் வழி

துருவ ஆய்வுகளைப் பொதுமக்களுக்கு எடுத்துச் சொல்லும் கூட்டங்களில் தவறாமல் காட்டப்படும் வரைபடம் ஒன்று உண்டு. கடந்த 8 லட்சம் ஆண்டுகளில் காற்றிலிருந்த கார்பன் டை ஆக்சைடின் அளவு திரும்பத் திரும்ப ஏறியும் இறங்கியும் வந்து, வலது ஓரத்தில் மட்டும் செங்குத்தாக மேலெழும் வரைபடம் அது. அதைப் பார்க்கும் பள்ளிப் பிள்ளைக்கு முதலில் தோன்றுவது, "அந்தக் காலத்தில் யார் அளந்தார்கள்?" என்ற கேள்விதான். பெரும்பாலான உரைகள், பனிக்கட்டியில் சிக்கிய காற்றுக் குமிழிகளிலிருந்து தெரிந்துகொண்டோம் என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு, உருகும் பனிப்பாறைகளுக்கும் வெள்ளைக் கரடிகளுக்கும் தாவிவிடுகின்றன. அந்த ஒரு வரிக்குள் அடங்கியிருக்கும் படிகளை ஒவ்வொன்றாகக் காட்டினால்தான் வரைபடத்தின் மீது நம்பிக்கை பிறக்கும் என்பது என் கருத்து.

இந்தத் தேவையைத் துருவ அறிவியலாளர்களும் உணர்ந்திருக்கிறார்கள். 1882-83, 1932-33 ஆகிய ஆண்டுகளில் நடந்த முதலிரண்டு பன்னாட்டுத் துருவ ஆண்டுகளும், 1957-58இன் பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டும் முதன்மையாக ஆய்வாளர்களின் முயற்சிகளாகவே இருந்தன. 2007 மார்ச் முதல் 2009 மார்ச் வரை நடந்த துருவ ஆண்டிலோ, ஆய்வோடு கல்வியும் மக்கள் தொடர்பும் திட்டத்தின் ஓர் அங்கமாகவே சேர்க்கப்பட்டன. பள்ளி ஆசிரியர்களைக் களக்குழுக்களோடு துருவங்களுக்கே அனுப்பி வைத்த அமெரிக்கத் திட்டமான போலார்டிரெக் அந்தக் காலத்தில் தொடங்கியதுதான். துருவப் பாடங்களைக் கற்பிக்கும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்த போலார் எஜுகேட்டர்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு 2012இல் உருவானது. இப்படிப்பட்ட முயற்சிகளில் ஆசிரியர்கள் அடிக்கடி கையிலெடுக்கும் பொருள் பனித்தண்டு, அதாவது பனிப்படலத்தைச் செங்குத்தாகத் துளையிட்டு எடுக்கும் உருளை வடிவப் பனிக்கட்டி. ஆகவே அதன் கதையையே எடுத்துக்கொள்வோம்.

அண்டார்டிகாவின் உட்பகுதியில் விழும் வெண்பனி கோடையிலும் உருகுவதில்லை. ஒவ்வோர் ஆண்டின் பனியும் முந்தைய ஆண்டின் பனிமேல் படிந்து, தன் எடையால் கீழுள்ளதை அமுக்குகிறது. மேற்பரப்பில் ஒரு கன சென்டிமீட்டர் பனியின் நிறை ஏறத்தாழ 0.35 கிராம்தான், மீதி இடமெல்லாம் காற்று. படியில் கொட்டிய அரிசியைக் குலுக்கினால் மணிகள் ஒன்றையொன்று உரசி நெருங்கி அமர்வதைப் போல, முதல் கட்டத்தில் பனித்துகள்கள் இடம் மாறி நெருங்குகின்றன. அடர்த்தி 0.55 கிராமை எட்டும்போது இந்த நெருக்கம் ஓர் எல்லைக்கு வந்துவிடுகிறது. அதன் பிறகு துகள்கள் தொடும் இடங்களில் ஒட்டிக்கொண்டு, மெல்ல மெல்ல ஒன்றோடொன்று இணைந்து வளர்கின்றன. இந்த இடைநிலைப் பனியை ஃபிர்ன் என்பார்கள். அதன் துளைகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் மேலேயுள்ள காற்று கீழே பல பத்து மீட்டர் வரை இறங்கி உலவிக்கொண்டிருக்கும். அடர்த்தி ஏறத்தாழ 0.83 கிராம் ஆகும் ஆழத்தில், அதாவது இடத்தைப் பொறுத்து 50 முதல் 120 மீட்டர் ஆழத்தில், துளைகள் தனித்தனிக் குமிழிகளாக மூடிக்கொள்கின்றன. அந்த நேரத்தில் அங்கிருந்த காற்று, வெளியுலகோடு தொடர்பற்று உள்ளே நின்றுவிடுகிறது.

இந்தக் குமிழிகளின் மதிப்பை உணர்ந்தவர்களில் முக்கியமானவர் பிரெஞ்சு ஆய்வாளர் குளோட் லோரியுஸ். 1965இல் அண்டார்டிகாவின் அதேலி நிலத்தில் பணியாற்றியபோது, ஆழத்திலிருந்து எடுத்த பனிக்கட்டித் துண்டு ஒன்றை மதுக்குவளையில் போட, அது உருகும்போது குமிழிகள் வெடித்து வெளியேறியதைப் பார்த்தே இந்த எண்ணம் வந்தது என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இன்றும் பழைய பனிக்கட்டியைத் தண்ணீரில் போட்டால் படபடவென்று பொரியும் ஓசை கேட்கும். ஆழத்தின் அழுத்தத்தில் அடைபட்ட காற்று விடுபடும் ஓசை அது. வேடிக்கைக்கு அப்பால் இதில் ஒரு பாடமும் உண்டு. ஆழம் கூடக் கூட அழுத்தம் ஏறி, ஒரு கட்டத்தில் குமிழிகளே காணாமல் போய்விடுகின்றன. காற்று மூலக்கூறுகள் பனிப்படிகத்தின் கூடுகளுக்குள் புகுந்துகொள்ள, பனிக்கட்டி கண்ணாடி போலத் தெளிந்துவிடுகிறது. அதற்குச் சற்று மேலுள்ள பகுதியிலிருந்து எடுக்கும் தண்டு, அழுத்தம் சட்டென்று குறைவதால் தானாகவே விரிசல் விட்டு நொறுங்கக்கூடியது என்பதால், அதை மாதக்கணக்கில் தொடாமல் வைத்திருந்துதான் அறுப்பார்கள்.

அளப்பதும் எளிதான வேலையன்று. தண்டை எடுக்கப் பனியில் இட்ட ஆழ்துளை தானாக மூடிக்கொள்ளாமலிருக்க மண்ணெண்ணெய் போன்ற திரவத்தை அதில் நிரப்புவதால், தண்டின் வெளிப்பகுதியைச் சீவிக் கழித்துவிட்டு நடுப்பகுதியையே எடுத்துக்கொள்கிறார்கள். மீத்தேனை அளக்கப் பனிக்கட்டியை உருக்கலாம். கார்பன் டை ஆக்சைடை அளக்க உருக்கக்கூடாது. பனியிலுள்ள அமிலமும் தூசியிலுள்ள கார்பனேட்டும் நீரில் வினைபுரிந்து புதிதாக அதே வாயுவை உண்டாக்கிவிடும். ஆகவே வெற்றிடக் கலனுக்குள் உறைநிலையிலேயே துண்டைப் பொடித்துக் காற்றை வெளியேற்றுகிறார்கள். கிரீன்லாந்துப் பனியில் தூசி மிகுதி என்பதால் அங்கு கிடைக்கும் கார்பன் டை ஆக்சைடு அளவுகளை நம்ப முடியாது. அந்த வரைபடம் முழுக்க அண்டார்டிகாவைச் சார்ந்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

இவ்வளவு கவனத்தோடு அளந்தாலும், குமிழிக்குள் இருப்பது அந்தக் காலத்துக் காற்றேதானா என்று கேட்பது நியாயமானது. அதற்கு விடை தந்தது கிழக்கு அண்டார்டிகாவின் கடலோரத்தில் உள்ள லா டோம். ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கு மேல் பனிக்கட்டி சேரும் பகுதிகள் அங்கே உள்ளன. அதனால் காற்று விரைவில் அடைபடுகிறது. 1958இல் ஹவாயின் மௌனா லோவாவில் அமெரிக்க அறிவியலாளர் சார்லஸ் கீலிங் தொடங்கிய நேரடி கார்பன் டை ஆக்சைடு அளவீடுகளின் காலத்தைச் சேர்ந்த காற்றே அங்குள்ள குமிழிகளில் கிடைத்தது. கருவியால் அளந்ததும் குமிழியில் அளந்ததும் பொருந்தின. வகுப்பறையில் வரைபடத்தைக் காட்டுகிறவர்கள் இந்த ஒப்பீட்டை விட்டுவிடுவது எனக்குப் புரியாத ஒன்று. ஐயத்தை எழுப்பி, அதைத் தீர்க்கும் வழியையும் காட்டும் சான்று இதைவிடத் தெளிவாக வேறெங்கும் கிடைக்காது.

வெப்பநிலையைச் சொல்வது காற்றன்று; பனிக்கட்டியின் நீர்தான். இயற்கையிலுள்ள ஆக்சிஜன் அணுக்களில் ஏறத்தாழ ஐந்நூறில் ஒன்று, நிறை எண் 18 கொண்ட கனமான அணு. கனமான நீர் மூலக்கூறு ஆவியாவதில் பின்தங்கும், மழையாக விழுவதில் முந்தும். வெப்பக் கடலிலிருந்து கிளம்பிய ஈரக்காற்று துருவம் நோக்கிப் போகப்போகக் குளிர்ந்து, வழிநெடுக மழையாகவும் பனியாகவும் கனமான மூலக்கூறுகளை இழந்துகொண்டே செல்கிறது. குளிர் எவ்வளவு கடுமையோ, கடைசியில் விழும் பனியில் கனமான ஆக்சிஜன் அவ்வளவு குறைவு. 1952இல் கோபன்ஹேகனில் தம் வீட்டுத் தோட்டத்தில் காலிப் பீர் புட்டியும் புனலும் வைத்து மழைநீரைச் சேர்த்து இதை ஆராயத் தொடங்கினார் டென்மார்க்கு அறிவியலாளர் வில்லி டான்ஸ்கார்ட். பழைய பனியிலிருந்து பழைய காலநிலையை அறியலாம் என்று 1954இலேயே எழுதிய அவருக்கு, 1966இல் கிரீன்லாந்தின் கேம்ப் செஞ்சுரியில் அமெரிக்கர்கள் அடிப்பாறை வரை துளைத்தெடுத்த சுமார் 1,390 மீட்டர் நீளத் தண்டுதான் அதை மெய்ப்பிக்கும் வாய்ப்பைத் தந்தது.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. மக்களிடம் குழப்பத்தை விதைக்கப் பெரிதும் பயன்பட்டதும் இதுவே. காற்று அடைபடுவது நூறு மீட்டர் ஆழத்தில் என்றால், அதைச் சூழ்ந்துள்ள பனிக்கட்டி அதற்கு நெடுங்காலம் முன்பே விழுந்த பனியாகத்தான் இருக்கும். ஆண்டுக்கு மூன்று சென்டிமீட்டர் நீருக்குச் சமமான பனிகூட விழாத, கிழக்கு அண்டார்டிகாவின் உட்பகுதியிலுள்ள டோம் சி போன்ற இடத்தில், ஒரே துண்டிலுள்ள பனிக்கட்டிக்கும் காற்றுக்கும் இடையே 2,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வயது வேறுபாடு உண்டு. வெப்பநிலையைப் பனிக்கட்டியும் கார்பன் டை ஆக்சைடைக் காற்றும் சொல்வதால், எது முந்தியது என்ற கேள்விக்கு விடை காண இந்த வேறுபாட்டைத் துல்லியமாகக் கணக்கிட்டாக வேண்டும். தொடக்கக்கால ஆய்வுகள் வெப்பநிலை சில நூற்றாண்டுகள் முந்தியதாகக் காட்டியபோது, அப்படியானால் அந்த வாயுவுக்கும் வெப்பத்துக்கும் தொடர்பில்லை என்று சிலர் வாதாடினார்கள். நைட்ரஜன் ஐசோடோப்புகளை, அதாவது நிறை வேறுபட்ட நைட்ரஜன் அணுக்களைக் கொண்டு ஃபிர்னின் பழைய தடிமனைக் கணக்கிட்டு 2013இல் வெளியான ஆய்வு, கடைசிப் பனியுகம் முடிந்தபோது அண்டார்டிக வெப்பமும் அந்த வாயுவும் ஏறத்தாழ சேர்ந்தே உயர்ந்தன என்று காட்டியது. சூரியனைச் சுற்றும் புவிப் பாதையின் மாற்றம் வெப்பத்தைத் தூண்ட, கடல் வாயுவை வெளியிட, அந்த வாயு வெப்பத்தை மேலும் பெருக்கியது என்பதே இன்றைய புரிதல். இதைக் கடினம் என்று கருதிப் பொதுமக்களிடம் சொல்லாமல் விடுவதால்தான் அரைகுறை விளக்கங்கள் அந்த இடத்தை நிரப்புகின்றன.

வகுப்பறையில் பனித்தண்டு செய்துகாட்டுவது உலகெங்கும் பழக்கமான செயல்முறை. உயரமான உருளைக் கலனில் சிறிது நீர் ஊற்றி ஃபிரீசரில் உறையவைத்து, அதன்மேல் சாம்பல் தூவிய நீர், பிறகு சில துளி வினிகர் கலந்த நீர் என்று அடுக்கடுக்காக உறைய வைப்பார்கள். மாணவர்கள் ஒவ்வோர் அடுக்கையும் உருக்கிச் சோதித்து, எது எரிமலை வெடித்த ஆண்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். 1815இல் வெடித்த தம்போரா எரிமலையின் கந்தக அமிலம் இரு துருவங்களின் பனியிலும் பதிந்திருப்பதால் விளையாட்டுக்கு உண்மைப் பின்புலமும் உண்டு. லிட்மஸ் தாள் இல்லாவிட்டால் செம்பருத்திச் சாறு போதும். அமிலத்தில் அது கருஞ்சிவப்பாக மாறும்.

அடுக்குகளைப் பற்றிச் சரியாகச் சொல்லித்தரும் இந்தச் செயல்முறை காற்றைப் பற்றித் தவறான எண்ணத்தை விட்டுச் செல்கிறது. நீர் உறையும்போது உண்டாகும் குமிழிகள், அதில் கரைந்திருந்த வாயு வெளியே தள்ளப்படுவதால் உண்டானவை. அவற்றின் கலவை வெளிக்காற்றைப் போன்றதன்று. துருவப் பனிக்கட்டியோ உறைந்த நீரன்று, அமுங்கிய பனி. ஆகவே நீருக்குப் பதிலாகப் பனிக்கட்டியைச் சீவிய தூளைக் கலனில் போட்டுக் கட்டையால் நன்கு இடித்து இறுக்கி, அதன்மேல் அடுத்த அடுக்கைச் சேர்ப்பது நல்லது. அப்போது தூளின் இடைவெளியில் அடைபடுவது அந்த வகுப்பறையின் காற்றாகவே இருக்கும். இறுக்குவதற்கு முன்னும் பின்னும் தூளின் உயரத்தை அளந்து அடர்த்தியைக் கணக்கிடச் சொன்னால், 0.55 என்ற எண்ணுக்கு மேல் போவது கையால் ஏன் அவ்வளவு கடினம் என்பதையும் மாணவர்கள் உணர்வார்கள்.

மெய்யான தண்டுகளைக் காண்பது எல்லாருக்கும் இயலாது. அமெரிக்காவின் டென்வருக்கு அருகே லேக்வுட்டில் உள்ள பனித்தண்டுக் காப்பகத்தின் மையக் கிடங்கு மைனஸ் 36 டிகிரி செல்சியஸில் இயங்குகிறது. இந்தியாவில் கோவாவின் தேசியத் துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையத்திலும் பனித்தண்டு ஆய்வகம் உண்டு.

பத்து ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து டோம் சியில் எடுத்த எபிகா தண்டு 8 லட்சம் ஆண்டுகளோடு நின்றது. அதிலிருந்து சில பத்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள லிட்டில் டோம் சியில், 2025 ஜனவரியில் 2,800 மீட்டர் ஆழத்தில் அடிப்பாறையைத் தொட்ட புதிய ஐரோப்பியக் குழு, குறைந்தது 12 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய பனிக்கட்டியை எடுத்திருக்கிறது. அதற்கு முன் ஏறத்தாழ 41,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்துபோன பனியுகங்கள், இன்றிலிருந்து 12 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புக்கும் 9 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புக்கும் இடைப்பட்ட காலத்தில் படிப்படியாக 1 லட்சம் ஆண்டு இடைவெளிக்கு மாறின. கார்பன் டை ஆக்சைடு குறைந்ததா, பனிப்படலங்களின் அடித்தளம் மாறியதா, வேறெதுவுமா என்பது இன்னும் முடிவாகாத கேள்வி. அந்தத் தண்டைப் பொடித்துக் காற்றை எடுத்து அளக்கும் முடிவுகள் வெளியாகும்போது அவற்றைப் புரிந்துகொள்ள, குமிழி எந்த ஆழத்தில் மூடியது, அதன் வயது எப்படிக் கணிக்கப்பட்டது என்ற இரண்டையும் அறிந்த வாசகர்கள் இப்போதே தேவைப்படுகிறார்கள்.